ஒரு மேற்கோள் குறி படுத்தும் பாடு: கேள்வி பதில்

வெப் அப்ளிகேஷன் எழுதுவதுதான் இருபது வருடமாக என் வேலை. ஸ்ட்ரிங்குக்குள், அதாவது மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதும் எழுத்துத் தொடருக்குள், வரும் சிறப்புக் குறிகளை எஸ்கேப் செய்வதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கேள்வி: அக்கா, முதல் வருடம் படிக்கிறேன். எஸ்கேப் என்கிறார்களே, எது எதிலிருந்து தப்பிக்கிறது?

ஒரு குறி தன் வழக்கமான அர்த்தத்திலிருந்து தப்பிக்கிறது தம்பி. "அவர் "சரி" என்றார்" என்று எழுதினால், சரி என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள குறியிலேயே ஸ்ட்ரிங் முடிந்துவிட்டதாகக் கம்பைலர் (நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும். "அவர் \"சரி\" என்றார்" என்று எழுதினால், அந்தக் குறியும் வாக்கியத்தில் ஓர் எழுத்துதான் என்று புரிந்துகொள்ளும். அங்கே முன்னால் போட்ட \ குறிதான் பேக்ஸ்லாஷ். அது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சாதாரண ஆங்கில 'என்' எழுத்துக்கு முன்னால் போட்டால் புது வரி, 'டி'க்கு முன்னால் போட்டால் டேப். பேக்ஸ்லாஷே வேண்டுமென்றால் \\ என்று இரண்டு போட வேண்டும்.

கேள்வி: ஏன் அந்தச் சாய்ந்த கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்?

சாதாரண எழுத்தில் யாரும் பயன்படுத்தாத குறி என்பது பெரிய வசதி. 1961இல் பாப் பீமர் என்ற கணினி வல்லுநர் இதை ஆஸ்கி (எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் பட்டியல்) வரைவில் சேர்க்க வைத்தார். ஆல்கால் என்ற புரோகிராம் மொழியின் 'மற்றும்', 'அல்லது' குறிகளை /\ என்றும் \/ என்றும் எழுத அவருக்கு அது தேவைப்பட்டது. எஸ்கேப் வேலை பிறகு வந்து சேர்ந்தது. ஜப்பானியக் கணினிகளில் இதே இடத்தில் யென் குறி தெரிவதைப் பார்த்தால் பயப்படாதீர்கள், வேலை ஒன்றுதான்.

கேள்வி: விண்டோஸில் சி டிரைவ், யூசர்ஸ் ஃபோல்டர் என்று பாதை கொடுத்தால் பைத்தான் ஓடவே மாட்டேன் என்கிறது. யூனிகோட் எஸ்கேப் என்று ஏதோ எரர். பாதை சரியாகத்தான் இருக்கிறது.

பாதை சரி, எழுதிய விதம்தான் தகராறு. விண்டோஸ் பாதையில் ஃபோல்டர்களைப் பிரிப்பதும் பேக்ஸ்லாஷ்தான். பேக்ஸ்லாஷுக்கு அடுத்து பெரிய 'யூ' வந்தால், பின்னால் எட்டு இலக்கத்தில் ஒரு யூனிகோட் எண் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கொடுத்திருக்கும் எண்) வரும் என்று பைத்தான் 3 காத்திருக்கும். அங்கே ஃபோல்டர் பெயர் வந்து நிற்கிறது, அதனால் எரர். உங்களுக்கு எரராவது வந்தது. ஃபோல்டர் பெயர் சின்ன 'என்' எழுத்தில் தொடங்கும் 'நோட்ஸ்' என்று இருந்திருந்தால், பாதைக்குள் சத்தமில்லாமல் ஒரு புது வரி நுழைந்திருக்கும். ஃபைல் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேடியிருப்பீர்கள். \\ என்று இரட்டிப்பாக்குங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் 'ஆர்' எழுத்தைப் போடுங்கள், இல்லையென்றால் / போடுங்கள், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். 'ஆர்' போட்டாலும் ஒரு ஸ்ட்ரிங் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிய முடியாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஜாவாவில் "10.5.2024" என்பதைப் புள்ளி வைத்துப் பிரித்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை மேடம்.

அங்கே நீங்கள் கொடுக்கும் புள்ளியைப் படிப்பவர்கள் இரண்டு பேர். முதலில் ஜாவா கம்பைலர், அப்புறம் ரெஜெக்ஸ், அதாவது எழுத்து அமைப்புகளைத் தேடும் குறி மொழி. ரெஜெக்ஸுக்குப் புள்ளி என்றால் 'எந்த எழுத்தானாலும் சரி'. அதனால் எல்லா எழுத்தும் பிரிப்பானாகி, மிச்சம் எதுவும் இல்லை. ரெஜெக்ஸ் கையில் \. போய்ச் சேர வேண்டும். கம்பைலர் ஒரு பேக்ஸ்லாஷைத் தின்றுவிடும் என்பதால் "\\." என்று எழுதுங்கள். இதே கணக்கில், ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட "\\\\" என்று நான்கு வேண்டும். எத்தனை போடுவது என்று குழம்பும்போது, இதை எத்தனை பேர் வரிசையாகப் படிக்கப்போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த புரோகிராமை அப்படியே ஒட்டினேன், முதல் வரியிலேயே எரர்.

மேற்கோள் குறியை உற்றுப் பாருங்கள். “ ” என்று வளைந்திருந்தால் அவை வேறு எழுத்துகள். அழித்துவிட்டு " என்று நீங்களே அடியுங்கள்.

கேள்வி: பெயரில் மேற்கோள் குறி இருந்தால் டேட்டாபேஸில் ஏறவில்லை. அந்தக் குறியையே நீக்கிவிட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் டி'குரூஸ், டி'சில்வா என்று எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெயரை மாற்ற நமக்கு உரிமை கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துக்கொண்டேன். அப்போது பிஎச்பி என்ற வெப் புரோகிராம் மொழியில் மேஜிக் கோட்ஸ் என்று ஒரு வசதி உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு ' குறிக்கு முன்னாலும் அதுவே பேக்ஸ்லாஷ் போட்டுவிடும். அது தெரியாமல் எங்கள் புரோகிராமிலும் ஒருமுறை எஸ்கேப் செய்திருந்தோம். டேட்டாபேஸ் ஓர் அடுக்கைத்தான் கழற்றும். மிச்சம் உள்ளே தங்கிவிட்டது. முதலில் டி\'குரூஸ். விண்ணப்பித்தவர் தன் முகவரியைத் திருத்தி மறுபடி சேமித்தபோது டி\\\'குரூஸ். மூன்றாம் முறை ஏழு பேக்ஸ்லாஷ். அந்தப் பெயரை அச்சிட்ட தாளோடு அவர் வந்து நின்றபோது எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பதை இன்னும் மறக்கவில்லை. பிஎச்பி 5.4 பதிப்பில், 2012இல், அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள்.

டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் எஸ்க்யூஎல் மொழியின் முறைப்படி ஸ்ட்ரிங்குக்குள் ' வர வேண்டுமென்றால் '' என்று இரண்டு போட வேண்டும். ஆனால் அதைக் கையால் செய்யாதீர்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் ? போட்டு, பெயரைத் தனியாக அனுப்புங்கள். கட்டளையும் தகவலும் தனித்தனியாகப் போவதால் எந்தக் குறி வந்தாலும் சிக்கல் இல்லை. வேண்டுமென்றே குறி போட்டு உங்கள் கட்டளையைத் திருப்பிவிட நினைப்பவராலும் முடியாது.

கேள்வி: எங்கள் பக்கத்தில் 'அம்மா &#38; அப்பா' என்று தெரிகிறது. &#38; எங்கிருந்து வந்தது?

வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில், 'மற்றும்' என்பதற்குப் போடும் குறிக்குத் தனி வேலை உண்டு, அதனால் அதை எஸ்கேப் செய்வார்கள். உங்கள் பக்கத்தில் அது இரண்டு முறை எஸ்கேப் ஆகியிருக்கிறது. & முதலில் &#38; ஆனது, அதிலுள்ள & இன்னொரு முறை மாறி &#38;#38; ஆனது. பிரவுசர் ஒருமுறைதான் அவிழ்க்கும். டேட்டாபேஸில் வைக்கும்போதே மாற்றியிருப்பீர்கள். வெப் பக்கம் உருவாக்க உதவும் ஜாங்கோவோ ரியாக்டோ அதைக் காட்டும்போது தானாக மறுபடி மாற்றியிருக்கும். வந்தது வந்தபடியே சேமியுங்கள், திரைக்குப் போகிற வாசலில் மட்டும் எஸ்கேப் ஆகட்டும். 'அசிங்கமாகத் தெரிகிறதே' என்று அந்தத் தானியங்கி எஸ்கேப்பை நிறுத்திவிடாதீர்கள். பின்னூட்டப் பெட்டியில் யாரோ எழுதும் < > குறிகள் நிஜ ஸ்கிரிப்டாகி, படிப்பவர் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் ஓடும்.

கேள்வி: கமாவால் கட்டங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலில் 'கதவு எண் 12, தெற்குத் தெரு' இரண்டு கட்டமாக உடைகிறது.

முழு முகவரியையும் " " குள் வையுங்கள். உள்ளே மேற்கோள் வந்தால் "" என்று இரட்டிப்பாக்குங்கள். இங்கே வழக்கமாகப் பேக்ஸ்லாஷ் முறை கிடையாது. மொழியோடு வரும் சிஎஸ்வி லைப்ரரியிடம் விட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பைத்தானில் தமிழை ஜேசனாக (புரோகிராம்கள் தகவல் பரிமாறும் வடிவம்) எழுதினால் ஒரே பேக்ஸ்லாஷும் எண்களுமாக வருகிறது. தமிழ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, பத்திரமாகவே இருக்கிறது. ஆஸ்கியில் இல்லாத எதையும் பைத்தானின் ஜேசன் அப்படித்தான் எழுதும். திரும்பப் படித்தால் தமிழாகவே கிடைக்கும். கண்ணால் படிக்க வேண்டுமென்றால் 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கி, ஃபைலை யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்று சொல்லித் திறங்கள். இன்னொன்று: 'கு' ஒரே எண்ணாக வராது. க-வுக்கு 2965, உகரக் குறிக்கு 3009 என்று இரண்டாக வரும் (ஜேசன் இவற்றைப் பதினாறடிமான முறையில் 0b95, 0bc1 என்று எழுதும்). எச்டிஎம்எல்லில் &#2965;&#3009; என்று போட்டுப் பாருங்கள், கு என்று சேர்ந்து நிற்கும்.

கேள்வி: அப்படியென்றால் தமிழ் லிங்க்கை நகலெடுத்தால் சதவீதக் குறியாக நீளுவதும் இதுதானா?

அதேதான், வாசல் மட்டும் வேறு. 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து மூன்று எழுத்து. ஆக நாற்பத்தைந்து. நடுவில் %25 தென்பட்டால் மட்டும் கவனியுங்கள்: அது % குறியே எஸ்கேப் ஆனது, அநேகமாக யாரோ இரண்டாம் முறை மாற்றியிருக்கிறார்கள்.