குருவாயூர் போகும்போது புன்னத்தூர் கோட்டை யானைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

மட்டக்களப்பிலிருந்து கேட்டிருக்கிறீங்க, அதனாலதான் எழுதுறன். காட்டுங்க. கோயிலிலிருந்து மூன்று கிலோமீற்றர்தான். ஆனையைப் பார்க்கிற அளவுக்குப் பாகன்மாரையும் பார்க்கச் சொல்லுங்க.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஆள். நெல் வேளாமைக் காவலுக்குப் பரணில் கிடந்து வளர்ந்தவன். எனக்கு ஆனையென்றால் இருட்டுக்குள்ள தென்னை முறியிற சத்தம், ஆனைவெடி, விடியும்வரை நெஞ்சிடி. அங்க போனால், பழைய ராசாவின் அரண்மனை வளவு முழுக்க, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆனைகள் காலில் சங்கிலியோடு நிற்குது. ஒரு கொம்பனுக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வடிந்து தாடை வரைக்கும் கறுத்திருந்தது. அடங்கும்வரை அதே மரத்தடிதான்.

வயதான பாகன் ஒருவர் எட்ட நின்று அதற்கு ஓலை எறிந்துகொண்டிருந்தார். ஒரு ஆனைக்கு மூன்று பாகன்மாராம், இவர் அதற்கு முதலாம் ஆள். "மதம் வந்தால் என்னையும் தெரியாது, தெரியும்வரை காத்திருக்கணும்" என்றார், பாதி மலையாளம் பாதி தமிழில். எங்கட ஊரிலும் ஆனை உண்டு, வயலுக்குள்ள வரும் என்றேன். "அங்கே அதுகளை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

சங்கிலியில் கட்டினதைக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்றியா என்று சிலர் சண்டைக்கு வருவாங்க. சங்கிலி சரியென்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதைப் பார்த்து எனக்கும் மனம் நொந்தது. ஆனால் அந்த ஊரில் 1976 டிசம்பர் 2ஆம் தேதி, ஏகாதசியன்று செத்த கேசவன் என்ற ஆனைக்குச் சிலை இருக்கு. ஏகாதசியை ஒட்டி மற்ற ஆனைகள் வந்து மரியாதை செய்யுதுகள். எங்கட நாட்டில் 2023இல் மட்டும் செத்த ஆனைகள் 400க்கு மேல். துவக்குச் சூடு, மின்சாரம், தீனிக்குள்ள மறைத்து வைக்கிற வாய்வெடி. ஆட்களும் நூற்றுக்கு மேல் செத்தாங்க.

ஏறாவூர்ப் பணிக்கர்மார் தோல் வாரோடு காட்டுக்குள்ள போய் ஆனை பிடித்த மாவட்டம் இது. ஆனையின் குணம் தெரிந்த பரம்பரை. இப்ப எங்களுக்கு மிச்சம் ஒரு மின்வேலி. அதில் கொடி படர்ந்து, பற்றரி இறந்து எத்தனை மாதம்! அதிகாரிகளிடம் முறையிடப் போனால் நாளைக்கு வா என்கிறாங்க. நாளைக்கு வேளாமை இருக்குமா?

மறுகா, போனதும் மதம் பிடித்தது எது என்று பாகனிடம் கேளுங்க. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.