அந்தரமா, சாதாரணமா? காதைப் பழக்குவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ‘க’ ஸ்வரத்தில் சற்றுக் கீழே நிற்கும் சாதாரண காந்தாரத்தையும் அதற்கு மேலே நிற்கும் அந்தர காந்தாரத்தையும் தனித்தனியாகப் பாடினால் கண்டுபிடித்துவிடுகிறேன். பாட்டுக்குள் வந்தால் குழம்புகிறது.

பதில்: மோகனத்தையும் சிவரஞ்சனியையும் மாற்றி மாற்றிப் பாடுங்கள். ச, ரி, ப, த இரண்டிலும் ஒன்றேதான். மோகனத்தில் அந்தரம், சிவரஞ்சனியில் சாதாரணம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே ஒரு ஸ்வரம் இறங்கியதும் ராகத்தின் முகமே எப்படி வாடுகிறது பாருங்கள்! அந்த மாற்றம் மனதில் பதிந்தால் பாட்டுக்குள்ளும் பிடிபடும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டு, பாடாமல் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். மந்தர ஸட்ஜத் தந்தியின், அதாவது கீழ் ‘ச’ தந்தியின், நாதத்துக்குள் மெலிதாக ஒரு காந்தாரம் எழும். அதற்கென்று தனித் தந்தி கிடையாது, தானாகவே பிறக்கிறது. சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது அந்தர காந்தாரம். நீங்கள் பாடும் காந்தாரம் அதில் கரைந்துபோனால் அந்தரம். கரையாமல் கீழே தனித்து நின்றால் சாதாரணம். முதல் நாளே கேட்காமல் போகலாம், விடாதீர்கள்.

கேள்வி: ச-ம, ச-ப இரண்டும் எனக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன. மேலிருந்து இறங்கும்போது இன்னும் மோசம். என் காதில்தான் கோளாறா?

பதில்: இல்லவே இல்லை. மேல் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்கும் தூரமும், மத்யமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கும் தூரமும் ஒன்றுதான். இரண்டும் 4:3 அதிர்வெண் விகிதம். ச-ப 3:2. அதனால் தாவலை மட்டும் அளந்தால் யாருக்கும் குழப்பம் வரும். தம்பூராவை நிறுத்தாமல் பாடி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆதார ஸட்ஜத்தோடு சேர்த்துக் கேளுங்கள். பஞ்சமம் சுருதியோடு ஒன்றி அமைதியாக நிற்கும். மத்யமம் பஞ்சமத் தந்தியோடு ஒட்டாது, காந்தாரத்துக்கு இறங்கத் துடிக்கும்.

கேள்வி: சங்கராபரணமா கல்யாணியா என்று சட்டென்று தெரிய?

பதில்: சங்கராபரணம் 29-வது மேளம் (தாய் ராகம்), கல்யாணி 65-வது மேளம். மத்யமம் மட்டும்தான் வேறு. மத்யமம் பஞ்சமத்தை உரசிக்கொண்டு நின்றால் கல்யாணி.

கேள்வி: தோடியில் சாதாரண காந்தாரம் என்கிறார்கள். கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன், தோடியாகவே கேட்கவில்லை.

பதில்: சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறையில், ஆடிக்கொண்டே இருக்கும். அசையாத கட்டையில் அது வராது. நிலையாக நிற்கும் காந்தாரங்கள் முதலில் பிடிபடட்டும். அப்புறம் நல்ல நாதஸ்வரக்காரர் வாசிக்கும் தோடி ஆலாபனையைப் பொறுமையாகக் கேளுங்கள், கூடவே முணுமுணுத்துப் பாருங்கள்.