முப்பது நாள், முப்பது எழுத்து

அன்புள்ள சார்,

வணக்கம். நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கொரு வலைத்தளம் வைத்துக்கொண்டு நினைத்தால் எழுதுவோம், மறந்தால் மாதக்கணக்கில் மறந்துவிடுவோம். ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலத்தில் ஏ முதல் இசட் வரை நாளுக்கு ஓர் எழுத்தாக எழுதும் சவால் ஒன்று நடக்கிறதல்லவா? அதையே தமிழில் செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். உயிர் 12, மெய் 18, ஆக 30. முப்பது நாள் மாதம் ஒன்றில் கச்சிதமாக முடிந்துவிடும். நவம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

விதிகளும் எழுதிவிட்டோம். நாளுக்கு 1000 சொல். இரவு 12 மணிக்குள் வெளியிட வேண்டும். எல்லோரும் எல்லோருடையதையும் அன்றே படித்துக் கருத்து எழுத வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பதிவு. எட்டுப் பேரில் ஆறு பேர் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். ழ, ள, ற, ன வரும் நாட்களில் எதை எழுதுவது என்று இப்போதே சண்டை. இது நடக்கிற காரியமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

நடக்கும். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விதிகளில் நான்கையும் மாற்றினால்.

முதலில் எழுத்துச் சண்டையைத் தீர்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஆங்கிலக்காரர்களுக்கு 26 எழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடுவதால் 30 நாளில் மூச்சு வாங்க இடம் இருக்கிறது. எக்ஸ், இசட் இரண்டும்தான் அவர்களுக்குத் தலைவலி. நமக்கு ஓய்வு நாளே இல்லை. தலைவலி எழுத்துகளும் அதிகம். க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ ஆகிய ஒன்பது வரிசைகளில்தான் பழைய இலக்கணப்படி தமிழ்ச் சொல் தொடங்கும். ட, ர, ல மூன்றையும் டம்ளர், ரவை, லட்டு என்று வந்த சொற்களால் சமாளிக்கலாம். ங, ண, ழ, ள, ற, ன ஆறுக்கும் அந்த வழியும் கிடையாது.

இவை எந்த நாளில் விழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முதல் 12 நாள் உயிரெழுத்து, ஐ, ஔ தவிர எல்லாம் சுலபம். 14ஆம் நாள் ங. 16, 17, 18 வரிசையாக ஞ, ட, ண. அதன்பின் கொஞ்சம் சமவெளி. 27 முதல் 30 வரை ழ, ள, ற, ன. அதாவது உற்சாகம் இருக்கும் வாரத்தில் சுலபமான எழுத்துகள், கை சோர்ந்துபோன வாரத்தில் சொல்லே தொடங்காத எழுத்துகள். இந்தச் சவாலை வேறு எந்த மாதத்துக்கு மாற்றினாலும் இந்த மேடு பள்ளம் மாறாது. ஆகவே அகரவரிசையில் வெளியிடுங்கள், அகரவரிசையில் எழுதாதீர்கள். மாதம் பிறப்பதற்கு முன்பே ங, ட, ண, ழ, ள, ற, ன ஏழையும் எழுதி வைத்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு என்றால் நான்கு வாரம் போதும். அந்த நாள் வரும்போது கையில் இருப்பதை வெளியிட்டுவிட்டு, மிஞ்சிய நேரத்தில் அடுத்த எழுத்துக்குப் போகலாம்.

இந்த எழுத்துகளில் எதை எழுதுவது என்பதற்கு ஔவையார் எப்போதோ விடை சொல்லிவிட்டார். ஆத்திசூடியும் எழுத்து வரிசையில் போகிற நூல்தானே. ங வந்தபோது எழுத்தையே பொருளாக்கி ‘ஙப்போல் வளை’ என்றார். மற்ற இடங்களில் முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டு, வேண்டிய எழுத்தை இரண்டாவதாக வைத்துவிட்டார். ட வுக்கு ‘இடம்பட வீடு எடேல்’, ண வுக்கு ‘இணக்கம் அறிந்து இணங்கு’, ழ வுக்கு ‘அழகு அலாதன செயேல்’, ள வுக்கு ‘இளமையில் கல்’, ற வுக்கு ‘அறனை மறவேல்’, ன வுக்கு ‘அனந்தல் ஆடேல்’. அனந்தல் என்றால் தூக்கம். முப்பதாம் நாள் தூங்கி வழியப்போகும் உங்கள் எட்டுப் பேருக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

இதையே விதியாக்குங்கள்: சொல் தொடங்காத எழுத்தானால், உயிரெழுத்தில் தொடங்கி இரண்டாம் எழுத்தாக அது வர வேண்டும், புள்ளி வைத்து வந்தாலும் சரி. ‘சொல்லில் எங்காவது இருந்தால் போதும்’ என்று தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் எந்தத் தலைப்பும் எந்த நாளுக்கும் பொருந்திவிடும், பிறகு எழுத்து வரிசைக்கே வேலை இல்லை. உங்களில் யாராவது ஃ எங்கே என்று கேட்பார்கள். அது சார்பெழுத்து, முப்பதில் சேராது. 31 நாள் மாதத்தை எடுத்தால் உயிருக்கும் மெய்க்கும் நடுவில் 13ஆம் நாளாக எஃகு வைத்துக்கொள்ளலாம், கணக்கு அப்போதும் சரியாக வரும்.

அடுத்தது பொருள். எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால் ஐ அன்று ஐஸ்லாந்து, ஒ அன்று ஒட்டகம் என்று கலைக்களஞ்சியச் சுருக்கம்தான் வரும். ஆளுக்கு ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குள் எழுத்து தலைப்பைத் தேர்ந்து கொடுக்கும். சமையலறையை எடுத்துப் பார்ப்போம். அம்மி, ஆட்டுக்கல், இடியாப்பக் குழல், ஈயச்சொம்பு என்று சுலபமாகத் தொடங்கும். கஷ்டமான எழுத்துக்கு வாருங்கள். ங வுக்கு அங்காயப் பொடி. ஞ வுக்கு ஞண்டு, நண்டின் பழைய பெயர். ட வுக்கு அடுப்பு. ண வுக்கு அண்டா. ய வுக்கு யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ். ழ வுக்கு உழக்கு. ள வுக்கு உளுந்து. ற வுக்கு உறி. ன வுக்கு அன்னவெட்டி, சோறு பரிமாறும் கரண்டி. அம்மியை எட்டுப் பேரும் எழுதுவார்கள். அன்னவெட்டியையும் உறியையும் தேடிப் போக வைப்பது இந்த எழுத்துகள்தான். எனக்குக் கேட்டால் இந்தச் சவாலின் நல்ல பதிவுகள் கடைசி நான்கு நாளில் இருக்கும், அவற்றைக் களைத்த கையால் எழுதக் கூடாது.

ஒரு பதிவில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஈயச்சொம்பையே பார்க்கலாம். பெயர் ஈயம் என்றாலும் அது வெள்ளீயம், காரீயம் இல்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து மறந்தால் அடி ஒழுகும். சொம்பு வாங்கும்போது காரீயம் கலந்திருக்கிறதா என்று கேட்பது ஏன் என்று ஒரு பத்தி. உங்கள் ஊர் ரசத்தைப் பற்றி இரண்டு வரி. முடிந்தது. இது 300 சொல்லுக்கு மேல் போகாது, போகவும் வேண்டாம். உழக்கு என்றால் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்ற வாய்ப்பாட்டில் தொடங்கி, அந்த அளவு இன்று எந்தக் கடையில் மிஞ்சியிருக்கிறது என்பதில் முடிக்கலாம்.

இனி உங்கள் 1000 சொல். அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேரோடு தொடங்கி, மறு ஆண்டு நவம்பருக்கு மாற்றிய நாவல் சவாலில் மாதத்துக்கு 50,000 சொல், நாளுக்கு 1,667. (அதை நடத்திய அமைப்பு 2025இல் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது.) ஆனால் அது கைப்பிரதிக் கணக்கு. அன்று எழுதியதை அன்றே யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, திருத்தம் டிசம்பருக்குப் பிறகு. நீங்களோ அன்றன்றைக்கு வெளியிடுகிறீர்கள். தவிர, ஆங்கிலச் சொல் எண்ணிக்கை தமிழுக்கு ஒத்து வராது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு வேண்டும். குறைந்தது 250, கூடியது 450 என்று வையுங்கள். மேல் எல்லைதான் முக்கியம். முதல் வார உற்சாகத்தில் ஒருவர் 1500 சொல் எழுதுவார், அதைப் பார்த்து மற்றவர்களும் நீட்டுவார்கள், பத்தாம் நாள் இருவர் காணாமல் போவார்கள். 350 சொல்லுக்கு யோசித்து எழுத 35 நிமிடம், திருத்த 15, படம் சேர்த்து ஏற்றப் பத்து என்று ஒரு மணி நேரம். வேலைக்குப் போகிறவரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது.

படிக்கும் கணக்கு இதைவிட மோசம். எட்டுப் பேர், முப்பது நாள், 240 பதிவு. நீங்கள் சொன்ன 1000 சொல்லில் ஒவ்வொருவரும் தினம் 7000 சொல் படித்தாக வேண்டும். 350 என்று குறைத்தாலும் 2450 சொல், அதன்மேல் ஏழு கருத்து. நான்காம் நாளே ‘அருமை’, ‘சிறப்பு’ என்று ஒற்றைச் சொல்லாகிவிடும். சுற்று முறைக்கு மாறுங்கள். எட்டுப் பெயரை வட்டமாக எழுதி, முதல் நாள் உங்களுக்கு அடுத்த இருவர், மறுநாள் அதற்கடுத்த இருவர் என்று நகர்த்துங்கள். எந்தப் பதிவுக்கும் கட்டாயம் இரண்டு வாசகர் உண்டு, ஏழு நாளில் மற்ற ஏழு பேரையும் தலா இரண்டு முறை படித்திருப்பீர்கள். கருத்தில் இரண்டு விஷயம் இருக்கட்டும்: எந்த வரியில் நின்றேன், எங்கே புரியவில்லை. பாராட்டு தன்னால் வரும்.

தவறவிட்டால் மறுநாள் இரண்டு என்ற விதியை இன்றே அடியுங்கள். ஒரு பதிவுக்கே நேரம் இல்லாததால்தான் அன்று தவறியது. மறுநாள் மட்டும் இரண்டுக்கு எங்கிருந்து வரும்? அதுவும் தவறும், மூன்றாகும், வெட்கப்பட்டு ஆளே ஒதுங்கிவிடுவார். தவறிய எழுத்தை விட்டுவிட்டு அன்றைய எழுத்தை எழுதட்டும். மாதம் முடிந்ததும் மூன்று மீதி நாள் கொடுங்கள், விட்டதை அங்கே அடைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கு மேல் விட்டவர் அதை விட்டதாகவே இருக்கட்டும்.

நேரம். கடைசி நேரத்தை நள்ளிரவாக வைத்தால் எட்டுப் பேரும் பதினொன்றரைக்கு அரைத்தூக்கத்தில் ஏற்றுவார்கள். மறுநாள் காலை 6 மணி என்று வையுங்கள், அவரவர் ஊர் நேரப்படி. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அவரை நம் கடிகாரத்தில் கட்டிப்போட வேண்டாம். முன்கூட்டியே எழுதியதை நேரம் குறித்து வைக்கும்போது தளத்தின் நேர அமைப்பைப் பாருங்கள். வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் மாற்றாமல் விட்டால் அது உலகப் பொது நேரத்தில் இருக்கும், காலை 6 மணிக்கு என்று குறித்தது நமக்குப் பதினொன்றரைக்கு வரும். சொந்தமாக நிறுவி நடத்தும் வேர்ட்பிரஸ் தளத்தில் இன்னொரு சங்கதி உண்டு. யாராவது தளத்துக்கு வந்தால்தான் குறித்த வேலை நடக்கும். ஆள் வராத தளத்தில் நேரம் கடந்தும் பதிவு அப்படியே கிடக்கும். குறித்த நேரத்துக்குப் பின் ஒருமுறை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.

பேசித் தட்டச்சு செய்கிறவர்கள் உங்களில் இருப்பார்கள். வேகம் கிடைக்கும், ஒற்று போகும். ‘அதைப் பற்றி’ ‘அதை பற்றி’ ஆகும், ர வும் ற வும் இடம் மாறும். முதல் வடிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து வாய்விட்டு ஒருமுறை படித்தபின் ஏற்றச் சொல்லுங்கள். எழுதுவதைத் தளத்தின் பெட்டியிலேயே எழுத வேண்டாம், இணையம் போனால் பத்தியும் போகும். நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, மின்தடை, சில ஆண்டுகளில் தீபாவளியும் அதே மாதம். செப்டம்பர் என் தேர்வு. மார்கழி என்று ஆசைப்பட்டால் நாட்காட்டியைப் பாருங்கள், அது சில ஆண்டுகளில் 29 நாளிலேயே முடிந்துவிடும்.

ஆளுக்கொரு பொருள் என்றாலும் தலைப்பு மோதும். ண அன்று நான்கு பேராவது ‘உணவு’ என்பார்கள். பொதுவில் ஒரு தாள் திறந்து, முப்பது வரிசை, எட்டு நெடுவரிசை போட்டு, யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கே அந்தச் சொல் என்று வையுங்கள். ஔ வுக்கு மட்டும் விலக்கு. ஔவை, ஔடதம் தாண்டிச் சொல் அதிகம் இல்லை. பன்னிரண்டாம் நாளை மாற்று நாளாக்கி, ஒவ்வொருவரும் வட்டத்தில் எதிரே இருப்பவரின் பொருளில் ஒரு பதிவு எழுதட்டும். எழுத்து எதுவாகவும் இருக்கலாம்.

தாளைத் திறந்ததும் அகரத்தில் தொடங்காமல் முப்பதாம் வரிசையிலிருந்து மேலே நிரப்பி வாருங்கள். சமையலறையை எடுக்கிறவருக்கு அன்னவெட்டியை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். மற்ற ஏழு பேரும் ன வுக்கு ஒரு சொல் தேடிக்கொள்ளட்டும்.