நான்கு பேரும் ஒரே விமானத்தைத் துரத்தாதீர்கள்: வான்சண்டையில் ஜோடி சேர்ந்து ஆடும் முறை

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். மூவர் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம், ஒருவர் ஏற்காட்டில். ‘வார் தண்டர்’ என்ற இணைய விளையாட்டில், ரியலிஸ்டிக் முறையில், இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களை வைத்து ஒரே ஸ்குவாடாக ஆடுகிறோம். தனித்தனியாக ஆடினால் சமாளிக்கிறோம். சேர்ந்து ஆடினால்தான் தோற்கிறோம். ஒரே எதிரியை எல்லாரும் துரத்துகிறோம், ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறோம், மைக்கில் ஒரே கூச்சல். ஏற்காட்டு நண்பருக்கு நெட் வேறு திடீரென்று போய்விடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் குறியையோ விமானம் ஓட்டும் திறமையையோ மாற்ற வேண்டியதில்லை. தனியாக ஆடும்போது அவை கைகொடுக்கின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். மாற வேண்டியது, நால்வரில் யார் சுடப்போவதில்லை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத பழக்கம்.

ஓர் எதிரியின் பின்னால் நான்கு பேர் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முதலாமவர் சுடுகிறார். இரண்டாமவரின் குறிக்கோட்டில் எதிரியோடு முதலாமவரும் நிற்கிறார். ரியலிஸ்டிக்கில் நம் குண்டு நம் ஆளையும் துளைக்கும். மூன்றாமவரும் நான்காமவரும் சும்மா பின்தொடர்ந்தே உயரத்தை இழக்கிறார்கள். எட்டுக் கண்களும் ஒரே புள்ளியில் இருப்பதால் மேலே இருந்து வருபவனை ஒருவரும் பார்ப்பதில்லை. அவன் ஒரே பாய்ச்சலில் கடைசி ஆளைச் சுட்டுவிட்டு மேலே போய்விடுவான். முன்னால் போகிறவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இது விளையாட்டில் மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. முதல் உலகப்போரின் ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் பொல்கே 1916-இல் வகுத்த எட்டு விதிகளில் ஒன்று, சண்டை தனித்தனியாகப் பிரியும்போது பலர் ஒரே எதிரியைத் துரத்தக் கூடாது என்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று அவரும் தோழர் எர்வின் போமேயும் ஒரே பிரிட்டிஷ் விமானத்தைத் துரத்தியபோது இருவர் விமானங்களும் உரசிக்கொண்டன. பொல்கே அதில்தான் இறந்தார்.

முதல் வேலை: நால்வரும் இரண்டு ஜோடிகளாகப் பிரியுங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது வெர்னர் மோல்டர்ஸ் செம்மைப்படுத்திய நால்வர் அணியும் இரண்டு ஜோடிகள்தான். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் அட்டாக், ஒருவர் கவர். இந்தப் பெயர்கள் ஆளுக்கு உரியவை அல்ல, அந்தந்த நிமிடத்துக்கு உரியவை. கீழே இறங்கி எதிரியின் வாலைப் பிடித்திருப்பவர் அட்டாக். அவர் சுடும்வரை சுடாமல், அவருடைய வாலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு மேலே இருப்பவர் கவர்.

எல்லாரும் தவறு செய்யும் இடம் கவர் வேலைதான். அட்டாக்கின் பின்னால் 200 மீட்டரில் ஒட்டிக்கொண்டு போவதைக் கவர் என்று நினைக்கிறார்கள். அப்படிப் போனால் இடிக்காமல் இருப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடும். 1940-இல் பிரிட்டிஷ் விமானிகள் மூன்று மூன்றாக நெருங்கிப் பறந்தபோது பட்ட கஷ்டமும் இதுவே. பக்கத்து விமானத்தோடு வரிசை பிசகாமல் இருப்பதற்கே கண் வேண்டியிருந்தது, எதிரியைத் தேட மிச்சமில்லை.

உங்கள் விமானங்களுக்கு நான் சொல்லும் அளவு இது: சண்டைக்கு முன் பக்கவாட்டில் 800 முதல் 1,000 மீட்டர். பின்னால் வேண்டாம், பக்கத்தில். பக்கத்தில் இருந்தால்தான் அவர் வாலை நீங்களும் உங்கள் வாலை அவரும் பார்க்க முடியும். அட்டாக் இறங்கிய பிறகு கவர் 500 முதல் 800 மீட்டர் உயரம் கூடுதலாக வைத்துக்கொண்டு, சண்டை நடக்கும் இடத்துக்கு மேல் பெரிய வட்டம் போட வேண்டும். கணினியில் ஆடினால் ‘சி’ விசையை அழுத்திச் சுற்றிப் பாருங்கள். நண்பரை மூன்று விநாடி பார்த்தால் வானத்தை ஐந்து விநாடி பாருங்கள், குறிப்பாகச் சூரியன் இருக்கும் பக்கத்தை.

கவர் எப்போது சுடலாம்? மூன்று சந்தர்ப்பம். நண்பரின் வாலில் இன்னொருவன் விழும்போது. அட்டாக் வேகம் தாங்காமல் எதிரியைத் தாண்டிப் போய், ‘நீ எடு’ என்று கொடுக்கும்போது. எதிரி அட்டாக்கிடமிருந்து தப்ப மேல்நோக்கி ஏறி, வேகம் செத்து, உங்களுக்கு நேர் எதிரே தொங்கும்போது. மூன்றாவது சந்தர்ப்பம் அடிக்கடி வரும். ஜோடியாக ஆடுகிறவர்கள் நிறைய விமானங்களை வீழ்த்துவது அதில்தான். கீழே இருப்பவர் எதிரியைத் திருப்பித் திருப்பிக் களைக்க வைக்கிறார், மேலே இருப்பவர் அறுவடை செய்கிறார். ‘என் கில்லை எடுத்துட்டான்’ என்ற பேச்சு உங்கள் குழுவில் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். உதவிக்கும் ஆட்டம் புள்ளி தருகிறது.

அட்டாக்குக்கு நேர எல்லை வையுங்கள். இரண்டு பாய்ச்சல், அல்லது 30 விநாடி. அதற்குள் முடியவில்லை என்றால் அவர் வேகத்தையும் உயரத்தையும் கரைத்திருப்பார். அப்போது ‘மாத்து’ என்று சொல்லி எதிரி திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விலகி ஏற வேண்டும், கவர் இறங்க வேண்டும். முதலில் விலகல், பிறகே இறக்கம். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் நீங்கள் சொன்ன இடி அங்கேதான் நடக்கிறது.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் ஊரே அளவுகோல். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் கீழே வரும்போது மணிக்கு 550 கிலோமீட்டர் வேகம் பிடித்திருக்கும். ஏற்காடு உயரத்தில் கவர் காத்திருக்க, சண்டை அஸ்தம்பட்டி மட்டத்தில் நடந்தால், கவரிடம் ஓர் எஞ்சின் தர முடியாத வேகம் சேமிப்பில் இருக்கிறது. ஆனால் தூரமும் அதே அளவு கூடிவிடும், உதவி வந்துசேரப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். அதனால்தான் 500 முதல் 800 மீட்டர் என்றேன். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இறங்கிச் சுட்ட கவர், பட்டாலும் படாவிட்டாலும் திரும்ப ஏறிவிட வேண்டும். கீழேயே தங்கித் திரும்பிச் சண்டையிட்டால் இப்போது கவர் இல்லாத இரண்டு அட்டாக்தான் மிச்சம்.

தற்காப்பில் நீங்கள் கட்டாயம் பழக வேண்டியது ‘தாட்ச் வீவ்’. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாட்ச், ஜப்பானின் ஜீரோ விமானம் தங்கள் வைல்ட்கேட்டைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்று அறிந்து, மேசையில் தீக்குச்சிகளை வைத்து 1941-இல் யோசித்துக் கண்டுபிடித்த முறை. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் அது வேலை செய்தது. மட்டமான விமானத்தை வைத்தும் நல்ல விமானத்தைச் சமாளிக்கலாம் என்பதே இதன் பெருமை.

செய்முறை இப்படி. இருவரும் பக்கவாட்டில் 800 முதல் 1,000 மீட்டர் இடைவெளியில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் போகிறீர்கள். இடப்பக்கம் போகிறவரின் வாலில் எதிரி விழுகிறான். அதைப் பார்த்ததும் வலப்பக்கத்தவர் ‘உள்ளே’ என்கிறார். உடனே இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்புகிறார்கள். எதிரி தன் இரையை விடாமல் பின்தொடர்ந்தால், வலப்பக்கத்தவரின் மூக்குக்கு நேராகத் தானே வந்து நிற்கிறான். நண்பர் உங்களைக் கடந்த மறுகணம் சுடுகிறீர்கள். பிறகு இருவரும் வெளிப்பக்கம் திரும்பி மறுபடி இடைவெளி எடுக்கிறீர்கள். அவன் விடாவிட்டால் மறுபடியும் ‘உள்ளே’.

இடைவெளி ஏன் 800 மீட்டர்? மணிக்கு 400 கிலோமீட்டரில் 4 ஜி விசையோடு, அதாவது புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு விசையோடு, திரும்பினால் வட்டத்தின் விட்டம் சுமார் 650 மீட்டர். அதைவிடக் குறைந்த இடைவெளியில் தொடங்கினால் மூக்கைத் திருப்பும் முன்பே நண்பர் உங்களைக் கடந்துவிடுவார், எதிரியும் கூடவே போய்விடுவான். 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நீங்கள் வருவதற்குள் நண்பர் இருக்கமாட்டார்.

இருவரும் எதிரெதிராக வருவதால் நெருங்கும் வேகம் விநாடிக்கு 220 மீட்டருக்கு மேல். சுடத்தக்க 600 மீட்டரிலிருந்து 200 மீட்டர்வரையிலான தூரம் இரண்டு விநாடிகூட நீடிக்காது. அதனால் மோதாமல் இருக்க நிரந்தர விதி ஒன்று வேண்டும்: துரத்தப்படுகிறவர் எப்போதும் கீழே, காப்பாற்ற வருகிறவர் எப்போதும் மேலே. இதை ஆட்டத்தின் நடுவில் பேசி முடிவு செய்ய முடியாது.

துரத்தப்படுகிறவர் பயத்தில் செய்யும் பிழை ஒன்று இதைக் கெடுத்துவிடும். நண்பர் இருக்கும் பக்கத்துக்கு எதிராகத் திரும்பி, சுழன்று சுழன்று தரைக்கு இறங்குவார். அப்படி இறங்கினால் யாராலும் குறி வைக்க முடியாது. வாலில் ஆள் இருந்தாலும் நண்பரை நோக்கியே வர வேண்டும். கவருக்குக் குறி அமைவதே அவர் ஒரே சீராகத் திரும்புவதால்தான்.

இனி மைக். நால்வருக்கும் ஒவ்வோர் அழைப்புப் பெயர் வையுங்கள். எண்கள் வேண்டாம், ‘ரெண்டு’ என்றால் ஆளா, எதிரிகள் இரண்டு பேரா என்று குழம்பும். கோட்டை, பஜார், ஸ்டீல், காபி என்று வைத்துக்கொண்டால் ஓசையில் ஒன்றோடொன்று ஒட்டாது. ஏற்காட்டு நண்பருக்கு ‘மலை’ என்று வைக்கத் தோன்றும். வேண்டாம், அவசரத்தில் ‘மேல’ என்று கேட்கும். ‘ஏரி’யும் அப்படித்தான், ‘ஏறு’ போலக் கேட்கும். ‘இடது’, ‘வலது’ இரண்டும் மின்விசிறி இரைச்சலில் ஒரே மாதிரி ஒலிக்கின்றன, லெஃப்ட், ரைட் என்றே சொல்லுங்கள்.

பெயர் முதலில், ஆபத்து அடுத்து, செய்ய வேண்டியது கடைசியில்: ‘பஜார், உன் பின்னாடி ஒருத்தன், ரைட்ல உள்ளே வா.’ பெயர் கடைசியில் வந்தால் நால்வரும் திரும்புவார்கள். ‘ஆறு மணியில ஆள்’ (நேர் பின்னால் ஆள்) என்று மட்டும் சொன்னால் யாருடைய ஆறு மணி என்று தெரியாது. ‘என் பின்னாடி’, ‘உன் பின்னாடி’ போதும். இடம் சொல்ல வரைபடக் கட்டத்தின் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. செத்துப்போனவர் பேசுவதை நிறுத்திவிட வேண்டும். உயிரோடு இருப்பவர் கேட்டால் மட்டும் தகவல் சொல்லலாம். உங்கள் கூச்சலில் பாதி இந்த ஒரு விதியிலேயே அடங்கிவிடும்.

குண்டுக் கணக்கையும் சொல்லிக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர் முதல் மாடலில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 300 குண்டு, விடாமல் சுட்டால் சுமார் 15 விநாடி. ஜீரோவின் ஏ6எம்2 மாடலில் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுதான், ஏழு விநாடி வாக்கில் தீர்ந்துவிடும். பாதி தீர்ந்ததும் ‘பாதி’ என்று சொன்னால் ஜோடிக்குள் யார் கவர் என்று தானே முடிவாகும். இறங்கிக் குண்டு நிரப்பப் போகும்போது ஒரு ஜோடி தரையில், ஒரு ஜோடி ஓடுபாதைக்கு மேல். நால்வரும் ஒன்றாக இறங்க வேண்டாம்.

விமானத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்குவாடில் அதிக பேட்டில் ரேட்டிங் (விமானத்தின் வலுவுக்கு ஆட்டம் தரும் எண்) யாருடையதோ அதை வைத்தே எதிரணி அமையும். மூவர் 3.0, ஒருவர் 4.0 என்று போனால் மூவரும் தாங்களே வரவழைத்த கஷ்டத்தில் பறப்பார்கள். ஒரே ஜோடியில் ஏறும் திறன் ஒத்த விமானங்களை வையுங்கள். ஸ்பிட்ஃபயரும் கனத்த பி-47உம் ஜோடி சேர்ந்தால் முன்னது விறுவிறுவென்று ஏறிவிடும், பின்னது கீழே தனியாக மாட்டும். ஏறும்போது மெதுவாக ஏறுபவரின் வேகமே எல்லாருக்கும் வேகம்.

கடைசியாக ஏற்காட்டு இணைப்பு. ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று, வைஃபைக்குப் பதில் லேன் கேபிள். இரண்டும் பெரிய செலவில்லை. கோடை மழையில் இடி இடிக்கும்போது எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. இணைப்பு தாமதமாகும்போது திரையில் தெரியும் இடத்தில் விமானம் இருக்காது. மணிக்கு 500 கிலோமீட்டரில் 200 மில்லிவிநாடித் தாமதம் என்றால் 28 மீட்டர் பிசகு, அதாவது இரண்டு விமானங்களின் இறக்கை நீளத்துக்கு மேல். ஆகவே அவருடன் 200 மீட்டருக்குள் யாரும் நெருங்கிப் பறக்க வேண்டாம். முடிந்தவரை அவரை அட்டாக்காகவே வையுங்கள். கவர் சத்தமில்லாமல் காணாமல் போனால் கீழே இருப்பவர் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பியே சாவார். யார் கவராக இருந்தாலும் 10 விநாடிக்கு ஒருமுறை ‘பார்க்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை அந்தச் சொல் வரவில்லை என்றால் அட்டாக் கேள்வி கேட்காமல் சண்டையை விட்டு விலகிவிட வேண்டும்.

பழகுவதற்குத் தனி ஆட்டம் உருவாக்கி இருவருக்கு எதிராக ஒருவர் என்று முதலில் ஆடுங்கள். அந்த ஒருவர் உங்களில் திறமையானவராக இருக்கட்டும். வீவ் மட்டும் இருபது தடவை. பிறகு உண்மையான ஆட்டங்களின் ரீப்ளேயைத் திறந்து, நீங்கள் ஒவ்வொருவரும் வீழ்ந்ததற்கு முந்தைய 30 விநாடியை மட்டும் பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் கவர் எங்கே இருந்தார், எந்தப் பக்கம் பார்த்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவரும் கீழே, அதே எதிரியைக் குறிவைத்துக்கொண்டிருப்பார்.