அடங்கலில் யார் பெயர்? டெல்டா விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

காவிரி டெல்டாவில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, வருவாய்த் துறையிலேயே ஓய்வு பெற்றவன் நான். பட்டா, அடங்கல், குத்தகை, அரசு உதவித் திட்டங்கள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விதை, உரம், பூச்சிமருந்துக்கு உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரைப் பாருங்கள்.

கேள்வி: 2021-ல் ஒன்றரை ஏக்கர் கிரயம் வாங்கினேன். பட்டாவும் மாறிவிட்டது. பிஎம் கிசான் பணம் ஏன் வரவில்லை? (பாபநாசம்)

விவசாயிகளின் வங்கிக் கணக்கில் மத்திய அரசு நேரடியாகப் பணம் போடும் அந்தத் திட்டத்துக்கு 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. வாரிசாக வந்த நிலம் என்றால் மட்டும் விலக்கு உண்டு.

கேள்வி: ஏழு மா நிலம் (சுமார் இரண்டேகால் ஏக்கர்) குத்தகைக்கு உழுகிறேன். சொந்த நிலம் இல்லை. பயிர்க்காப்பீடு செய்யப் போனால் அடங்கல் கேட்கிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்திலும் அதையே கேட்கிறார்கள். நிலக்காரர் ஊரில் இல்லை. என்ன செய்வது? (திருத்துறைப்பூண்டி)

தம்பி, டெல்டாவில் பாதிப் பிரச்சினை உங்கள் கேள்வியில் இருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காப்பீட்டுத் திட்ட விதியிலேயே குத்தகைதாரரும் வாரதாரரும் (விளைச்சலில் பங்கு கொடுத்து உழுகிறவர்) சேரலாம் என்று இருக்கிறது. சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சிக்கல் காகிதத்தில் வருகிறது. அடங்கல் என்பது எந்தப் புல எண்ணில் யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. வயலில் இறங்கிப் பார்த்து எழுத வேண்டியது. நடைமுறையில் பட்டாவில் இருக்கும் பெயரையே பலரும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். விதைத்தவர் நீங்கள், கணக்கில் இருப்பவர் சென்னையில் இருக்கிறார். வெள்ளம் வந்தால் நிவாரணமும் அவர் பெயருக்கே போகும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட முடியாமல் நீங்கள் வியாபாரியிடம் குறைந்த விலைக்கு விற்பீர்கள்.

இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. 1955-ம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், நீங்களும் உங்கள் குடும்பமும் உடலுழைத்துச் சாகுபடி செய்தால் உங்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்கிறது. 1969 சட்டம், குத்தகைதாரர் பெயரைத் தாலுகா அளவில் தனிப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். நிலக்காரருக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். குத்தகை கொடுத்த ரசீது, பழைய அடங்கல் நகல், அக்கம்பக்கத்து வயல்காரர்களின் சாட்சி எல்லாம் உதவும். நிலக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். பாக்கி இருந்தால் அதையே காரணம் காட்டி வெளியேற்ற முடியும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். ‘கூலிக்குத்தான் உழுகிறேன்’ என்று யார் எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளிலும் போடாதீர்கள்.

கேள்வி: என் வயல் முழுக்க மூழ்கியது. பக்கத்துக் கிராமத்துக்குக் காப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை. (நன்னிலம்)

விளைச்சல் இழப்புக்கு உங்கள் தனி வயலை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. கிராமத்தில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டு விளைச்சலின் சராசரியிலிருந்து ஓர் உத்தரவாத அளவு வரும். கிராம சராசரி அதற்குக் கீழே போனால்தான் பணம். மேட்டு வயல்கள் தப்பிய கிராமத்தில் பள்ளத்து வயல்காரருக்கு இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: பிஎம் கிசான் இரண்டு தவணை வந்து நின்றுவிட்டது. (ஒரத்தநாடு)

இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, நில விவர இணைப்பு மூன்றையும் பொதுச் சேவை மையத்தில் பாருங்கள்.

கேள்வி: சொட்டுநீர் மானியம்? (அரியலூர்)

தோட்டக்கலைத் துறை. சிறு, குறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நான் நிலக்காரர். அப்பா வாங்கிய மூன்று ஏக்கர். குத்தகைக்காரருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். 12 வருஷம் உழுதால் நிலம் அவருக்கே என்கிறார்களே? நாளை மகள் கல்யாணத்துக்கு விற்க வேண்டாமா? (சென்னை)

ஐயா, 12 வருஷக் கதையை முதலில் விடுங்கள். அனுமதியோடு குத்தகைக்கு உழுகிறவருக்கு எதிரிடை அனுபவம் (நெடுநாள் அனுபவித்ததாலேயே கேட்கும் உரிமை) கிடையாது. எத்தனை வருஷம் உழுதாலும் நிலம் உங்களுடையதுதான். அடங்கலில் பெயர் ஏறினால் கிரயப் பத்திரம் மாறிவிடாது.

ஆனால் உங்கள் பயத்தில் ஒரு பாதி உண்மை. பதிவான குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது. விற்கும்போது அவருக்கு ஒரு தொகை கொடுத்துப் பேசி முடிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம்.

மேலதற்கு மறுப்பு: தொகை ஏன் கொடுக்க வேண்டும்? என் நிலம்தானே? (அதே சென்னை வாசகர்)

அதற்குப் பதில் கேள்வி: உங்கள் நிலத்துக்கு வந்த வறட்சி நிவாரணத்தை வாங்கியது யார்? நான் கடன் வாங்கி நட்டேன், பணம் உங்கள் கணக்குக்கு வந்தது. பாதியாவது தந்தீர்களா? (திருவாரூர் பக்கம் ஒரு குத்தகை விவசாயி)

இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், இருந்தும் இந்தச் சண்டை ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. நான் உழுகிறவர் பக்கம். நட்டத்தைத் தாங்குகிறவருக்குத்தான் நிவாரணம் சேர வேண்டும்.

இதை அரசு தீர்க்க முடியும். தெலங்கானா 2018-ல் ரைது பந்து என்ற விவசாயி உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஏக்கருக்குப் பணம் பட்டாதாரருக்கே போனது, குத்தகைதாரர் விடுபட்டார். ஒடிசாவின் ‘காலியா’ என்ற விவசாயி உதவித் திட்டம் வாரதாரரையும் நிலமற்றவரையும் சேர்த்தது. ஆந்திரா 2019 சட்டத்தில் 11 மாதச் சாகுபடியாளர் அட்டை தருகிறது. நிலத்தில் உரிமை வராது. கடனும் காப்பீடும் நிவாரணமும் மட்டும் உழுகிறவருக்கு. நல்ல யோசனை. ஆனால் அங்கேயும் நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள், அவர்கள் போட மறுக்க, அட்டை கிடைக்காதவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் கையெழுத்தே கேட்காமல், கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து அந்தப் பருவத்துக்கு மட்டும் சாகுபடியாளர் பெயரை எழுதட்டும். நிலக்காரருக்கு நிலம் போகாது, விதைத்தவருக்கு உதவி போய்ச் சேரும்.

இன்னொருவர்: அப்படியென்றால் கிராம நிர்வாக அலுவலர் காசு வாங்கிக்கொண்டு யார் பெயரையும் எழுதுவாரே? (கும்பகோணம்)

நடக்கலாம். அதனால்தான் எழுதிய பட்டியலை கிராம சபையில் படிக்க வேண்டும். யார் எந்த வயலில் நட்டார் என்பது ஊருக்குத் தெரியும்.

கேள்வி: வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் எங்கள் வயலருகே மனை போடுகிறார்களே? (மயிலாடுதுறை)

2020 சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் துளையிடல், உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றைத்தான் தடுக்கிறது. மனைப் பிரிவை அது தொடவில்லை. மனை வாங்குகிறவர்கள் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட அங்கீகாரமில்லாத மனைக்கு வரன்முறைத் திட்டமும் கைகொடுக்காது.

கேள்வி: நெல்லுக்கு இப்போது என்ன விலை? (பட்டுக்கோட்டை)

2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டால் சாதா ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் காய வைத்துக்கொண்டு போங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டால் கொடுக்காமல் புகார் செய்யுங்கள்.

கேள்வி: பிஎம் கிசான் குத்தகை விவசாயிக்கு உண்டா? (நீடாமங்கலம், வலங்கைமான், இன்னும் பலர்)

இல்லை. நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். இனி பிஎம் கிசான் கேள்விகள் வேண்டாம், மேலே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: கோயில் நிலம் உழுகிறோம், ரசீது தாத்தா பெயரில் இருக்கிறது. (வேதாரண்யம்)

அம்மா, வாரிசுச் சான்றோடு கோயில் செயல் அலுவலரிடம் பெயர் மாற்ற மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பெயர் மாறும் வரை குத்தகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். பாக்கி விழுந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். பழைய ரசீதுகளின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.