மை நிரப்பிய கார்ட்ரிட்ஜைப் போட்டால் ‘மை தீர்ந்தது’, ‘கார்ட்ரிட்ஜ் பழுது’ என்று பிரிண்டர் அடம்பிடிக்கிறதே, என்ன செய்வது?

எந்த வாசகம் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ‘மை தீர்ந்தது’ என்றால் ஒரு பட்டன் போதும். ‘கார்ட்ரிட்ஜ் பழுது’, ‘கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை’ என்றால் துடைக்கத் துணி வேண்டும். இரண்டுக்கும் மருந்து இன்னும் கொஞ்சம் மை என்று நினைத்து ஏற்றுவதில்தான் நல்ல கார்ட்ரிட்ஜும் பாழாகிறது.

ஹெச்பி, கேனான் சிறு பிரிண்டர்கள் பலவற்றில் நாசில் (மையைத் தெளிக்கும் நுண்துளைகள்) கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். உள்ளே எவ்வளவு மை மிச்சம் என்று அந்தப் பிரிண்டர் பார்ப்பதில்லை. எத்தனை துளி தெளித்தது என்று எண்ணிக் கழித்துக்கொண்டே வரும், அவ்வளவுதான். நீங்கள் ஊசியில் ஏற்றிய மை அந்தக் கணக்கில் ஏறாது. கேனானில் ஈ13 அல்லது ஈ16 (கணினித் திரையில் 1686, 1688) வந்தால் ஸ்டாப் பட்டனை 5 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள், அந்தக் கார்ட்ரிட்ஜுக்குக் கணக்கு பார்ப்பதை விட்டுவிடும். ஹெச்பியில் ‘பயன்படுத்தியது அல்லது போலி’ என்று வந்தால் ஓகே கொடுத்துத் தாண்டலாம். மை அளவுப் படம் காலியாகவே நிற்கும், நிற்கட்டும்.

ஆனால் அதற்குப் பிறகு அளவு பார்ப்பது உங்கள் பொறுப்பு. சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. 1 மி.லி. மை ஏறத்தாழ 1 கிராம். நிரப்பியவுடன் எடையை எழுதி வைத்து, ஏற்றிய அளவில் பாதிக்கு மேல் குறைந்ததும் மறுபடி நிரப்புங்கள். இந்த வகை நாசில் மையைச் சூடாக்கித்தான் துளியைத் தள்ளுகிறது. மை இல்லாமல் அடித்தால் உள்ளிருக்கும் நுண்ணிய சூடேற்றிகள் கருகிவிடும். அப்புறம் வரும் ‘பழுது’ உண்மையான பழுது.

இனி ‘தெரியவில்லை’ வகை. கேனானில் ஈ04, ஈ05. கார்ட்ரிட்ஜின் பின்பக்கச் செம்பு நிறப் புள்ளிகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய நீலப் படலமோ விரல் ரேகையோ தெரிந்தால் அதுதான் காரணம். நூல் பிரியாத துணியை வாலை வடிநீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, புள்ளிகளை மட்டும் துடையுங்கள். நாசில் பக்கமிருந்து மேல்நோக்கி இழுத்தால் மை மறுபடி புள்ளிகளில் ஏறிவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்திலுள்ள ஊசிப் புள்ளிகளையும் அப்படியே துடையுங்கள். 10 நிமிடம் காய்ந்த பிறகே மாட்டவும். எது கெட்டது என்று தெரியாவிட்டால், பல ஹெச்பி மாடல்கள் ஒற்றைக் கார்ட்ரிட்ஜிலும் ஓடும். ஒன்றைக் கழற்றியதும் பிழை மறைந்தால் கையில் இருப்பதுதான் குற்றவாளி.

துடைத்து மாட்டியும் மறுநாள் அதே பிழை வருகிறதா? பெரும்பாலும் மை அதிகமாக ஏற்றியதால் கசிகிறது. சின்னக் கறுப்புக் கார்ட்ரிட்ஜுக்கு 4 மி.லி., கலரில் ஒவ்வொரு அறைக்கும் 2 மி.லி. போதும், ஊசியை ஸ்பாஞ்சுக்குள் இறக்கி மெதுவாக விடுங்கள். மை ஏற்றும் துளையின் வாயில் மை பளபளத்தாலே நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். காற்றுத் துளையை டேப்பால் முழுக்க அடைக்கக் கூடாது. அடைத்தால் முதல் பக்கம் நன்றாக வந்து, இரண்டாவது பக்கம் பாதியில் வெளுக்கும். மடித்த டிஷ்யூவில் நாசிலை லேசாக ஒற்றிப் பாருங்கள்: கலரில் மூன்று பட்டைகள் தனித்தனியாகப் பதிய வேண்டும். பழுப்பாகக் குழம்பினால் நிறங்கள் கலந்துவிட்டன.

சிப் வைத்த தனித்தனி டேங்க் என்றால் (எப்சன் போல) ‘மை தீர்ந்தது’ என்பதற்குத் துடைப்பதால் பயனில்லை. கணக்கு அந்தச் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் (ரீசெட் ஆகும்) சிப்தான் மாற்ற வேண்டும். ஹெச்பியில் ‘பாதுகாக்கப்பட்ட கார்ட்ரிட்ஜ்’ என்று வந்தால் அது முன்பு இருந்த பிரிண்டரோடு பூட்டப்பட்டது. அவிழ்க்க வழியில்லை, மை ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக நாசில் செக் (எல்லா நுண்துளைகளும் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பக்கம்) அடியுங்கள். பிரிண்டர் மெனுவில் உள்ள கிளீனிங்கை இரண்டு முறை செய்தும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு நின்றால் மூன்றாவது முறை ஓட்டாதீர்கள். அந்த மையெல்லாம் பிரிண்டருக்குள் இருக்கும் கழிவு மைப் பஞ்சுக்குத்தான் போகும். பல மாடல்களில் அதற்கும் ஒரு கணக்கு ஓடுகிறது, அது நிரம்பினால் பிரிண்டரே நின்றுவிடும்.