காம்பில் ஈட்டி, குழியில் துளை: பழைய வெள்ளி பற்றிய கேள்வி–பதில்

கேள்வி: குன்னூரில் பழைய எஸ்டேட் பங்களா சாமான்கள் விற்கும் கடையில் ஒரு வெள்ளிக் கரண்டி பார்த்தேன். 14 சென்டிமீட்டர் நீளம், 9 கிராம் சொச்சம் எடை. குழி டீஸ்பூன் அளவுதான், ஆனால் முழுக்கத் துளைகள். காம்பு போகப்போக மெலிந்து, நுனியில் ஈட்டிமுனை போலக் கூராக இருக்கிறது. சர்க்கரை தூவும் கரண்டி, 1750 வாக்கில் இங்கிலாந்தில் செய்தது என்கிறார் கடைக்காரர். வெள்ளி எடையைப் போலப் பல மடங்கு விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: காலம் சரியாக இருக்கலாம். உபயோகம் தப்பு. சர்க்கரை தூவும் கரண்டியின் குழி அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும், காம்பும் கையில் பிடிக்கத் தோதாகத் தடித்திருக்கும். அதற்கு ஈட்டிமுனை தேவையே இல்லை. இன்னும் நீளமாக, சுமார் 25 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆலிவ் காய் எடுக்கும் கரண்டியோ என்று யோசிக்கலாம். நீங்கள் சொல்லும் அளவுக்கும் அமைப்புக்கும் பொருந்துவது மோட் ஸ்பூன், அதாவது தேநீரில் மிதக்கும் தூசி எடுக்கும் கரண்டி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டு முழுக்க இங்கிலாந்தில் புழங்கிய சாமான் இது.

அப்போது கோப்பையின் மேல் வைக்கும் வடிகட்டி வழக்கத்துக்கு வரவில்லை. இலையைக் கெண்டியிலேயே போட்டு வெந்நீர் ஊற்றி அப்படியே கோப்பையில் சாய்ப்பார்கள். மேலே மிதக்கும் துணுக்குகளை இந்தக் குழியால் அள்ளினால் தேநீர் துளை வழியே கோப்பைக்கே திரும்பும், தூசி கரண்டியில் தங்கும். ஈட்டிமுனைக்கு வேறு வேலை. கெண்டியின் உடலும் மூக்கும் சேரும் இடத்தில் சல்லடை போலச் சில ஓட்டைகள் இருக்கும். ஊறிய இலை அங்கே போய் அடைத்துக்கொண்டால் தேநீர் வராது. மூக்கு வழியாகக் காம்பை விட்டுக் குத்தி இழுத்தால் அடைப்பு விடும், முனையின் பக்கவாட்டு முள்ளில் இலை சிக்கி வெளியே வரும். நூற்றாண்டின் முடிவில் தனி வடிகட்டி பரவியதும் இதற்கு வேலை போய்விட்டது.

குன்னூர் பங்களாவில் கிடைத்தது என்பதை வயதுக்குச் சான்றாக எடுக்காதீர்கள். இந்தக் கரண்டி புழங்கிய நாளில் லண்டனில் குடித்தது சீனத் தேயிலை. அசாம் தேயிலை லண்டன் ஏலத்துக்குப் போனதே 1839இல்தான். பின்னால் வந்த யாரோ ஒரு துரை வீட்டுச் சொத்தாகக் கொண்டுவந்திருக்கலாம், பிற்பாடு வாங்கியதாகவும் இருக்கலாம்.

இனி முத்திரை. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று கொண்டுபோங்கள். காம்பின் பின்பக்கம், குழியை ஒட்டினாற்போல் பாருங்கள். 1750 வாக்கில் இத்தனை சின்னச் சாமானுக்குப் பெரும்பாலும் இரண்டே முத்திரைதான் குத்துவார்கள்: செய்தவரின் பெயர் எழுத்துகள், நடக்கும் சிங்கம். சிங்கம் 92.5 சதவீத ஸ்டெர்லிங் வெள்ளிக்கு அடையாளம். ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் ஊரைக் குறிக்கும் சின்னமும் இல்லையே என்று சந்தேகப்படாதீர்கள். சந்தேகப்பட வேண்டியது அதற்கு நேர்மாறான இடத்தில். ராஜாவின் தலை பதித்த முத்திரை இருந்தால் அது வரி கட்டியதற்கான அடையாளம், 1784 முதல் 1890 வரை மட்டுமே குத்தியது. அந்தத் தலையை வைத்துக்கொண்டு 1750 என்று யாரும் சொல்ல முடியாது. நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். அந்த ஊரில் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் வந்தது 1773இல், ஆகவே அதுவும் 1750ஐப் பொய்யாக்கும்.

இந்தக் கரண்டியில் நடக்கும் பெரிய ஏமாற்று, பழைய டீஸ்பூனை மாற்றுவது. அந்தக் கால டீஸ்பூன் நிறையவும் மலிவாகவும் கிடைக்கும். குழியில் துளை போட்டு, தட்டையான காம்பைத் தட்டி நீட்டி உருட்டி முனை வைத்தால் விலை பல மடங்கு. முத்திரை அசல், வெள்ளி அசல், கரண்டிதான் போலி. கண்டுபிடிக்க மூன்று இடம் உண்டு. முதலில் துளையின் விளிம்பு. இருநூறு வருஷம் தேய்த்து விளக்கிய துளை மழுங்கி வழுவழுப்பாக இருக்கும். புதிதாகப் போட்டது விரலில் நெருடும், லென்ஸில் ரம்பப் பல்லின் கோடுகூடத் தெரியும். அடுத்து முத்திரை: காம்பை நீட்டியிருந்தால் சிங்கமும் சேர்ந்து இழுபட்டு நீண்டிருக்கும். ஒல்லிக் காம்பில் குத்தும்போதே நசுங்குவது அசலிலும் உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்றாவது, முனையின் கழுத்து. அங்கே பற்றவைத்த கோடு தெரிந்தால் முனை உடைந்து ஒட்டியதாகவோ பிற்பாடு சேர்த்ததாகவோ இருக்கும். இரண்டிலும் விலை இறங்கத்தான் வேண்டும்.

வெள்ளிதானா என்பதற்குக் காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளி ஒட்டாது, பித்தளையும் செம்பும் வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரும்தான் ஒட்டாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் போதும். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். கரண்டியின் உலர்ந்த எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 9.30 கிராம் கரண்டிக்கு 0.90 காட்டினால் 10.3, இது ஸ்டெர்லிங்கின் கணக்கு. 1.07 பக்கம் போனால் 8.7தான் வரும், அது ஜெர்மன் சில்வர் அல்லது பித்தளை. துளைகளில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும், வெள்ளிகூடப் போலியாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் கரண்டியை லேசாக ஆட்டுங்கள். முலாம் பூசியதென்றால் துளை விளிம்பிலேயே செம்பு நிறமோ மஞ்சளோ எட்டிப்பார்க்கும். கடையில் வெள்ளியின் தரம் காட்டும் டச் மெஷினில் வைத்துக் காட்டினால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உரைகல்லும் ஆசிடும் இதன்மேல் படவே கூடாது.

9 கிராம் வெள்ளிக்கு மதிப்பு அதிகமில்லை. நீங்கள் தருவது வயதுக்கும் வகைக்கும் ஆன காசு. எனவே பில்லில் ‘18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மோட் ஸ்பூன், மாற்றம் செய்யப்படாதது, ஸ்டெர்லிங்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘பழைய வெள்ளிக் கரண்டி’ என்று மட்டும்தான் எழுதுவேன் என்றால், எடை விலைக்குமேல் தராதீர்கள்.

கேள்வி: அதையே லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குக் கூரியரில் அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. இங்கிலாந்தில் செய்தது என்பதால் விலக்குக் கிடைக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 100 ஆண்டு ஆகாத பொருள் என்றால் தொல்லியல் துறையிடம் தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகு அனுப்புவது நல்லது.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் எலுமிச்சை அளவில் மூடிபோட்ட வெள்ளிச் சிமிழ். சங்கிலியில் நெல் நீளத்துக்கு ஒரு கரண்டி தொங்குகிறது. குங்குமச் சிமிழ் என்கிறார் அம்மா. விபூதி வைத்தது என்கிறார் அத்தை. கூடவே ஒரு வளையத்தில் கோத்த மூன்று சின்னக் கருவிகள். என்ன இவை?

பதில்: சங்கிலியும் கரண்டியும் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கும் கரண்டகம். விரல் வெந்துபோகாமல் தடவத்தான் கரண்டி. உள்விளிம்பில் கெட்டியான வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் கல்லாகிப்போனது அது. துளி சுரண்டி வெளியே வைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். விபூதியும் கொஞ்சம் நுரைக்கும், ஆனால் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிரும், பொருக்காக ஒட்டாது. குங்குமம் என்றால் மூடியின் மடிப்பில் சிவப்பு தங்கியிருக்கும். பார்த்து முடிக்கும்வரை புளி போட்டு விளக்காதீர்கள், சான்று முழுக்க அழுக்கோடு போய்விடும்.

மூன்று கருவிகளில் சிறு குழியுள்ளது காது அழுக்கு எடுக்கும் குறும்பிவாங்கி. இரண்டு கை சேர்ந்தது முள்வாங்கி. மிச்சமிருக்கும் ஊசிக்குச்சி பல் குத்த. இடுப்பில் செருகிக்கொள்வார்கள். வளையத்தின் வாயில் தேய்மானம் பாருங்கள்: நிறையத் தேய்ந்திருந்தால் புழங்கிய செட், கருவிகள் தேய்ந்து வளையம் மட்டும் புதிதாக இருந்தால் பிற்பாடு சேர்த்துக் கோத்தது.